கால் ஊன்றாத தூரம்

செம்பூரணி மேட்டுத்தெருவில், ஆடி மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலையில், பால் பாக்கெட் எடுப்பதற்காக உலகம்மாள் இரும்புக் கேட்டைத் திறந்து வலது காலை வெளியே வைத்தாள். வைத்த கால் தெருவில் படவில்லை, அடுப்படியில் பட்டது. தெருவில் இருந்திருக்க வேண்டியவள் அரிசி டப்பாவுக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். தூக்கக் கலக்கம் என்று நினைத்து மறுபடி போனாள். மறுபடியும் அடுப்படி. மூன்றாவது தடவை இடது காலை வைத்துப் பார்த்தாள். அடுப்படிக்கு வலது இடது தெரியவில்லை. அதற்கு மேல் நேரமில்லை. கணவர் கோமதிநாயகம் எட்டு மணிக்கு மர அறுவை மில்லில் இருக்க வேண்டும். ஆகவே கடுங்காப்பி போட்டு இறக்கிவிட்டு, "பாக்கெட்ட நீங்களே எடுத்துட்டு வந்துருங்க, எனக்கு வெளிய போக முடியல" என்றாள். அவரும் எடுத்து வந்தார்.

சாயங்காலத்துக்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. தெரு ஆச்சரியப்பட்டுக்கொண்டு நிற்கவில்லை, என்ன செய்யலாம் என்று பார்த்தது. எதிர்வீட்டு வள்ளிமயில் செருப்புப் போட்டு நடந்து பார்க்கச் சொன்னாள். செருப்பு மட்டும் தெருவில் கிடந்தது. கோமதிநாயகம் அவளைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டினார். கல்யாணமான புதிதில்கூட அவர் அப்படித் தூக்கியதில்லை என்பதால் எல்லா வாசலிலும் ஆள் நின்று பார்த்தார்கள், டீக்கடை வரைக்கும் போன பிறகு அவருடைய கைகள் வெறும் காற்றைத் தூக்கிக்கொண்டிருந்தன. ஆட்டோவில் காலை மடக்கி உட்காரவைத்தார்கள். தெருமுனை திரும்பும்போது பின்சீட்டில் அவள் இல்லை. அடுத்தவர் தூக்குவது, அடுத்தவர் ஓட்டுவது, எதுவுமே அவளை வைத்துக்கொள்ளவில்லை. டாக்டர் வீட்டுக்கே வந்து முழங்காலில் தட்டிப் பார்த்துவிட்டு, ரத்தம் குறைவாக இருக்கிறது என்று சத்து மாத்திரை எழுதினார். கோடாங்கி உடுக்கையை எடுத்தவர் பாதியில் நிறுத்தி, "இது பேய் இல்ல. பேயா இருந்தா வெளிய இழுத்துட்டுப் போவும், வீட்டுக்குள்ள கொண்டாந்து விடாது" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு போனார். அந்த வார்த்தையில் தெருவுக்கு ஒரு நிம்மதி வந்தது. கெட்டது ஒன்றும் இல்லை, வீட்டில்தானே இருக்கிறாள்.

அதன்பிறகு மூன்று வருஷம் போயிற்று. அந்த மூன்று வருஷத்தில் தெரு அவளைச் சுற்றிப் படர்ந்த விதம், பந்தல்காலைச் சுற்றிப் பாகல்கொடி படர்ந்த மாதிரி, எந்த நாளில் எந்த இலை விட்டது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. முதலில் வள்ளிமயில்தான் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போனாள். பிறகு ஒவ்வொரு வீட்டுச் சாவியும் வந்து, கோமதிநாயகம் மில்லிலிருந்து ஒரு தேக்குப் பலகை கொண்டுவந்து பதினான்கு ஆணி அடித்தார். சிலிண்டர்காரர் எல்லா சிலிண்டரையும் அவள் முற்றத்திலேயே இறக்கினார். குரியர் பார்சல்களும் கல்யாணப் பத்திரிகைகளும் அவளிடம் வந்து சேர்ந்தன. தையல்காரர் தைத்த ஜாக்கெட்டுகளை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார், வெளியூர் போகிறவர்கள் கோழிக்குஞ்சுகளை அவளிடம் விட்டுப் போனார்கள், மகளிர் குழு அவள் கூடத்தில் கூடியது, வார்டு கவுன்சிலர் தன் விலாசத்தையே 'உலகம்மாள் வீட்டுக்கு மூன்றாம் வீடு' என்று மாற்றி எழுதிக்கொண்டார். "உலகம்மா இருப்பா" என்று தெருவில் சொன்னால், கிழக்கே வெளுக்கும் என்று சொல்வதைப் போல, அதற்குப் பதில் கேள்வி கிடையாது. அவளுக்கு ஊரில் இவ்வளவு மரியாதை அதற்கு முன் இருந்ததே இல்லை. சித்திரைக் கோயில் கொடைக்கு அவளுக்கு என்று தனியாகப் பொங்கல் வந்தது, சாமியே சப்பரத்தில் வந்து அவள் கேட்டுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று போனது.

அவளுடைய அம்மா கடையத்தில் செத்தபோதும் அப்படித்தான். போக முடியாத மகளுக்காக, அண்ணன்மார் பிணத்தை வண்டியில் வைத்து முப்பது கிலோமீட்டர் கொண்டுவந்து கேட்டுக்கு முன்னால் நிறுத்தினார்கள். உலகம்மாள் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள், அழுகை வரவில்லை. அம்மாவின் கால் பெருவிரல்கள் வெள்ளைத் துணியால் கட்டப்பட்டிருந்தன, எட்டினால் தொட்டுவிடலாம், ஒரு முழம்தான் குறைவு. வண்டிக்காரர் நேரமாகிறது என்றார். வண்டி போன பிறகு தெரு முழுக்க, எப்பேர்ப்பட்ட பிறந்த வீடு, சாவையே வாசலுக்குக் கொண்டுவந்து காட்டிவிட்டார்களே என்று பெருமையாகப் பேசிக்கொண்டது. உலகம்மாள் உள்ளே போய், யாரோ கொடுத்திருந்த சாவியை ஆணியில் மாட்டினாள். அன்றைக்கு அவள் ஒன்றும் சாப்பிடவில்லை, அது ஒருவருக்கும் தெரியாது.

அவளுக்கு வெளியுலகம் என்று மிச்சம் இருந்தது பல்கீஸ் ஒருத்திதான். இருவரும் கல்யாணத்துக்கு முன்னால் நூல் மில்லில் ஆறு வருஷம் பக்கத்துப் பக்கத்து மிஷினில் நின்றவர்கள். மிஷின் சத்தத்தில் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள். பல்கீஸ் ஆலங்கரையில் வாழ்க்கைப்பட்டாள், ஒன்பது கிலோமீட்டர் தூரம். தினமும் பதினொரு மணிக்கு போன் அடிப்பாள். அவள் குரலில் ஆலங்கரைச் சந்தையின் விலைவாசியும், பள்ளிவாசல் தெருச் சண்டைகளும், மழை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதும் வரும். மூன்றாம் வருஷத்துத் தை மாதத்தில் பல்கீஸ் குளியலறையில் விழுந்தாள். வாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது, கூடவே பேச்சும் போயிற்று. அவளுடைய நாத்தனார் ரஹ்மத் அதே பதினொரு மணிக்கு போனைப் போட்டு அவள் காதில் வைப்பாள். உலகம்மாள் இந்தப் பக்கம், "பல்கீசு, ஏட்டி, நாந்தான்" என்பாள். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் வரும். உதட்டைப் பார்த்தால் புரிந்துவிடும் என்று உலகம்மாளுக்குத் தெரியும், போனில் உதடு தெரியவில்லை. வீடியோவில் பார்க்கலாம் என்று ரஹ்மத் காட்டினாள். பல்கீஸ் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். கோணிய வாயை போன் வழியாகக் காட்ட அவளுக்கு மனசில்லை.

"நான் ஆலங்கரைக்குப் போகணும்" என்று உலகம்மாள் சொன்னபோது கோமதிநாயகம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எப்படிப் போவ?"

"தெரியல. போகணும்."

அவர் கெட்ட மனுஷர் இல்லை. தலையை நிமிர்த்தி, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மாதிரிக் கேட்டார்: "உனக்கு இங்க இப்ப என்ன கொற?"

அவள் யோசித்துப் பார்த்தாள். ஒரு குறையும் சொல்லத் தோன்றவில்லை. அதுதான் அவளுக்கு மூச்சை அடைத்தது.

மறுநாள் வள்ளிமயிலின் லேடீஸ் சைக்கிளை வாங்கி முற்றத்தில் நிறுத்தினாள். மூன்று வருஷத்தில் தூக்கியும் ஏற்றியும் எத்தனையோ விதமாகப் பார்த்தவர்களில் ஒருவருக்கும், ஏன் அவளுக்குமே, அவளே ஓட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியிருக்கவில்லை. மில் காலத்தில் ஓட்டியதுதான். கேட்டை அகலத் திறந்துவைத்து, முற்றத்திலேயே ஏறி மிதித்தாள். முன்சக்கரம் தெருவைத் தொட்டது, பின்சக்கரம் தொட்டது, அவள் தெருவில் இருந்தாள். வெயில் முகத்தில் அடித்தது. ஒரு வீடு, இரண்டு வீடு, மூன்றாவது வீடு தாண்டியதும் குறுக்கே ஒரு ஆடு வந்து நின்று அவளைப் பார்த்தது. பிரேக் பிடித்தாள், பிடித்தவுடன், நாற்பத்து மூன்று வருஷப் பழக்கத்தில் கால் தானாகத் தரைக்குப் போனது. அடுப்படி. வெளியே சைக்கிள் விழும் சத்தம் கேட்டது.

அடுத்த ஒரு வாரத்தில் அவள் தெரிந்துகொண்டது, செம்பூரணியில் காலை ஊன்றாமல் நூறு அடி போக முடியாது என்பதுதான். ஆடு வரும், தண்ணீர் லாரி வரும், வேகத்தடை வரும், தோண்டிய குழாய்ப் பள்ளம் வரும், 'நல்லா இருக்கியாம்மா' என்று எதிரே ஒருவர் கையை நீட்டி நிறுத்துவார். இதையெல்லாம் கால் ஊன்றிச் சமாளித்தபடியேதான் உலகத்தில் எல்லோரும் போகிறார்கள் என்பது இதுவரை அவள் கண்ணில் பட்டதில்லை.

மின்வாரியத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருதரம் மீட்டர் ரீடிங் எடுக்க வருகிற ஞானதுரை, அந்த வாரம் வந்தார். நாற்பது வயதிருக்கும். அவருடைய சைக்கிளில் சீட் கிடையாது. அதை உலகம்மாள் பலதடவை பார்த்திருந்தும், திருட்டுப் போயிருக்கும் என்று நினைத்துப் பேசாமல் இருந்தாள். இன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தாள். அவர் கேட்டுக்குள் ஓட்டி வந்தார், சைக்கிளோடு ஒரு எவ்வு எவ்வி வாசற்படியில் ஏறினார், அந்த ஒரு முழ அகலப் படியில் இரண்டு சக்கரமும் நிற்க, இறங்காமல் சாய்ந்து மீட்டரைப் படித்தார், அப்படியே திரும்பிக் குதித்து இறங்கினார். கால் பெடலை விட்டு அசையவில்லை.

"தம்பி, கொஞ்சம் நில்லுங்க. நீங்க ஏன் காலத் தரையில வைக்கல?"

"நாய்க்குப் பயந்துதான்க்கா. இந்த லைன்ல நாப்பது நாய் இருக்கு. தரையில ஊனுற காலத்தான் அது கடிக்கும்." பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டு, "அதோட, இது ஒரு வெளையாட்டு. ட்ரயல்ஸ்னு பேரு. பெங்களூர்ல வேலைல இருக்கும்போது பழகுனேன், முப்பத்தஞ்சு வயசுக்கு மேல. இதுல வேகமாப் போறவன் ஜெயிக்க மாட்டான். பாறை, படி, கட்டை எது வந்தாலும் காலு ஊனாமப் போறவன்தான் ஜெயிப்பான். கால் ஒரு தடவ தரையில பட்டா ஒரு குத்தம்."

"எனக்கும் அதே சட்டம்தான்" என்றாள் உலகம்மாள்.

மேட்டுத்தெரு அடுப்படி விஷயம் அவருக்கும் தெரிந்ததுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன்னுடைய பழைய சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். குள்ளமான சட்டம், தடித்த பின்டயர், சீட் இல்லை. "உக்காந்தா இதப் பழக முடியாதுக்கா, அதான் வைக்கல. முதல்ல நிக்கப் பழகுங்க. ஓட்டுறது அப்புறம்."

நிற்பதற்கே இருபத்தாறு நாள் ஆயிற்று. இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், பிரேக்கில் ஒற்றை விரல்தான், முழங்கால் மடங்கியிருக்க வேண்டும், முன்சக்கரம் லேசாக ஒருபக்கம் திரும்பியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும், அதுதான் அவளுக்கு வரவில்லை. நைட்டிக்கு உள்ளே கணவரின் ட்ராக் பேண்டைப் போட்டுக்கொண்டு, சமைத்து முடித்த பிறகு முற்றத்தில் ஏறி நிற்பாள், ஒன்று இரண்டு என்று எண்ணுவாள், மூன்று வருமுன் விழுவாள். வீட்டுக்குள் எத்தனை தடவை விழுந்தாலும் வீட்டுக்குள்ளேயேதான். பெடலின் பல் முழங்காலுக்குக் கீழே கிழித்துக் கிழித்துக் கெண்டைக்கால் முழுவதும் சிவப்புக் கோடுகளாயின. மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டு மறுபடி ஏறினாள்.

"சக்கரத்தப் பாக்காதீங்கக்கா" என்றார் ஞானதுரை. "சக்கரத்தப் பாத்தா சக்கரம் இருக்க எடத்துலயே விழுவீங்க. போக வேண்டிய எடத்தப் பாருங்க."

"போக வேண்டிய எடம் ஒம்போது கிலோமீட்டர் தள்ளி இருக்கு."

"அப்ப அங்கயே பாருங்க."

ஆலங்கரை இருக்கும் திசையில் அடுப்படிச் சுவர்தான் இருந்தது. அவள் அந்தச் சுவரைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே நின்றாள், எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. பங்குனியில் அவள் சைக்கிளோடு எவ்வப் பழகினாள். முதலில் ஒரு செங்கல், பிறகு அரிசி மூட்டை, பிறகு கிணற்றடித் துவைகல்; துவைகல்லின் மேல் இரண்டு சக்கரத்தோடும் ஏறி நின்ற அன்றைக்கு அவளுக்கு, தன் வீட்டையே முதன்முதலாக உயரத்திலிருந்து பார்க்கிற மாதிரி இருந்தது. ஊராருடைய சிலிண்டர்களை வரிசையாக நிறுத்தி நடுவில் நெளிந்து போனாள். மாடிப்படியில் ஏறினாள், இறங்கினாள், இறங்கும்போது சுவரில் டயர் கறுப்புக் கோடு போட்டது. கோமதிநாயகம் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார், ஒன்றும் சொல்ல மாட்டார்.

தெரு சொன்னது. சித்திரை பிறந்து அவள் கேட்டுக்கு வெளியே போக ஆரம்பித்தபோது, கால் பட்ட மாத்திரத்தில் அவள் அடுப்படிக்குப் போய்விட, சைக்கிள் தெருவில் அனாதையாகக் கிடந்தது. அதை யாராவது உருட்டிக்கொண்டு வந்து சேர்க்க வேண்டியிருந்தது. முதல் நாள் ஐந்தாம் வீட்டு வாசலில் கிடந்தது, மறுநாள் டீக்கடையில், ஒரு வாரம் கழித்து ரேஷன் கடைத் திருப்பத்தில். கொண்டுவந்து சேர்ப்பவர்கள் முதலில் சலித்துக்கொண்டார்கள், அப்புறம் அவள் எத்தனாவது வீடு வரைக்கும் போனாள் என்று ஒருவருக்கொருவர் விசாரித்துக்கொண்டார்கள், தூரம் கூடக் கூட அவர்கள் குரலில் ஒரு கலக்கம் வந்தது.

மகளிர் குழுக் கூட்டத்தில் வள்ளிமயில்தான் பேச்சை எடுத்தாள்.

"மதினி, தப்பா நெனைக்காதீங்க. நீங்க பாட்டுக்குப் போயிட்டா எங்க சாவியெல்லாம் என்னாவும்? சிலிண்டர யாரு எறக்குவா? உங்கள நம்பித்தானே நான் வேலைக்கே சேந்தேன்."

"நான் ஒரு தடவ பல்கீசப் பாத்துட்டு வாரேன், அவ்வளவுதான்."

"ஒரு தடவ போயிட்டா, மறுபடியும் போவத் தோணுமே மதினி."

வள்ளிமயில் கோபமாகச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னாள். அது உண்மை என்று உலகம்மாளுக்கும் தெரியும். அன்றைக்குக் கூடத்தில் உட்கார்ந்திருந்த பதினொரு பெண்களும் அவளை நேசித்தார்கள். ஒவ்வொருத்தியும் அவள் சேலை முந்தியின் ஒரு நூலைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக அவளுக்குப் பட்டது.

ஆனி மாதம் ஒரு புதன்கிழமை, காலை ஆறரை மணிக்கு, பதினான்கு சாவிகளையும் ஆணியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உலகம்மாள் முற்றத்தில் சைக்கிள் ஏறினாள். ஆடு வந்தது, நின்றாள், ஆடு போனது, போனாள். வேகத்தடை, குழாய்ப் பள்ளம், ரேஷன் கடைத் திருப்பம், அதற்கப்பால் அவள் மூன்று வருஷமாகப் பார்க்காத பஸ் ஸ்டாண்டு. அங்கே புதிதாக மேம்பால நிழல் விழுந்திருந்தது, மேம்பாலம் கட்டினார்கள் என்று பல்கீஸ் போனில் சொல்லியிருந்தாள். ஒரு பஸ் பின்னால் வந்து முதுகில் ஹாரன் அடித்தது. அவள் நடைமேடைக் கல்லில் எவ்வி ஏறி ஓரமாய்ப் போய் இறங்கினாள். பூக்கட்டுகிறவர்கள் கையை நிறுத்திப் பார்த்தார்கள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. அதுதான் அவள் பயந்த இடம். இரண்டு பக்கமும் வண்டிகள் அடைத்து நின்றன, எல்லோரும் ஒற்றைக் காலைத் தரையில் ஊன்றி நின்றார்கள், எத்தனை கால்கள், செருப்புப் போட்டதும் போடாததுமாக. அவள் நடுவில் பெடல் மேலேயே நின்றாள். சரக்கு ரயில் வந்தது. அதன் பெட்டிகள் தீரவே இல்லை. தொடை நடுங்க ஆரம்பித்து, நடுக்கம் கைக்கு ஏறி, ஹேண்டில்பார் கிலுகிலுத்தது.

பக்கத்து மோட்டார் சைக்கிள்காரர் பார்த்துவிட்டு, "கால ஊனுங்கம்மா, விழுந்துருவீங்க" என்று ஹேண்டிலைப் பிடிக்கக் கை நீட்டினார்.

"தொடாதீங்கண்ணே! புடிச்சா நான் இருக்க மாட்டேன்."

மீன் கூடையோடு நின்ற ஒரு பெண் சத்தம் போட்டாள்: "யோவ், கைய எடுய்யா. அது மேட்டுத்தெரு அடுப்படிக்காரி. அவளுக்குக் காலு பட்டா வீட்டுக்குப் போயிரும். தள்ளுங்க, எடம் விடுங்க." கூட்டம் அது என்ன ஏது என்று கேட்கவில்லை. வண்டிகளைக் காலால் தள்ளித் தள்ளி அவளைச் சுற்றி ஒரு வட்டம் விட்டது. ரயில் போன பிறகும் கேட் திறக்கவில்லை, எதிர்த்திசையில் இன்னொன்று வர வேண்டியிருந்தது. அந்த வட்டத்துக்குள் அவள் முன்னே ஒரு அங்குலம், பின்னே ஒரு அங்குலம் என்று சக்கரத்தை அசைத்தபடி நின்றாள், தண்டவாளத்துக்கு அப்பால் இருந்த ஒரு வேப்பமரத்தையே பார்த்தாள், கூட்டம் மூச்சுவிடாமல் அவளுடைய இரண்டு கால்களையும் பார்த்தது. கேட்டைத் தூக்கியபோது யாரும் ஹாரன் அடிக்கவில்லை. அவள் முதலில் போகட்டும் என்று நின்றார்கள்.

ஆலங்கரைக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது வாய்க்கால் குறுக்கிட்டது. பாலத்தை இடித்துப் போட்டிருந்தார்கள், நடந்து போகிறவர்களுக்காகத் தண்ணீரில் ஏழு கல் போட்டிருந்தது. ஒவ்வொன்றும் துவைகல் அளவுதான். ஒன்று, இரண்டு, மூன்று என்று கல்லிலிருந்து கல்லுக்கு எவ்வினாள். ஆறாவது கல்லில் பாசி. பின்சக்கரம் வழுக்கி, அவள் இடிந்த பாலத்தின் சுவரில் சாய்ந்தாள். முழங்கை உரசித் தோல் கிழிந்தது; முழங்கைக்குச் சட்டமில்லை போலிருக்கிறது, அவள் வாய்க்காலிலேயேதான் இருந்தாள். சுவரை ஒரு உந்து உந்தி நிமிர்ந்து ஏழாவது கல்லுக்குப் போனாள்.

பல்கீஸ் வீட்டுக்கு மூன்று படி. கதவைத் திறந்த ரஹ்மத் கத்தப் போனவள் கத்தாமல் ஒதுங்கினாள். உலகம்மாள் படியேறி, நிலையைத் தாண்டி, கூடத்தைக் கடந்து, உள்ளறைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

மூன்று வருஷமும் அதற்கு முன்பும் ஒன்றுவிடாமல் பேசித் தீர்த்தவள் இப்போது, "முடியெல்லாம் நரைச்சுப் போச்சேட்டி" என்றாள்.

பல்கீஸின் வாயில் பாதி சிரித்தது, பாதி அப்படியே இருந்தது. முகத்தை மூட அவள் கையைத் தூக்கவில்லை. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. உலகம்மாள் அந்த உதட்டைப் பார்த்தாள், மில்லில் மிஷின்களுக்கு நடுவில் பார்த்த மாதிரி, பார்த்துப் பார்த்துப் படித்தாள். ஒல்லியாயிட்ட, என்றாள் பல்கீஸ். சாப்பிடுதியா. நான் சாகலட்டி, என்றாள். அம்மாவ நெனைச்சு அழுதியா, என்றாள். இல்லை என்று உலகம்மாள் தலையாட்டினாள். ஆட்டியபோது சைக்கிள் அசைந்தது. பல்கீஸின் நல்ல கை, எண்ணெய் தேய்த்த இடது கை, கட்டிலிலிருந்து நீண்டு, பெடலின் மேல் இருந்த காலைத் தொட்டது. ஆறியதும் ஆறாததுமான கீறல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு கணுக்காலுக்கு வந்து நின்றது.

உட்காரு, என்றது உதடு.

"உக்கார முடியாதுட்டி. ஊனுனா போயிருவேன்."

அப்ப நில்லு.

அவள் நின்றாள். அடுப்படியில் குக்கர் நான்கு விசில் அடிக்கிற நேரம் நின்றாள் என்று ரஹ்மத் பிற்பாடு சொன்னாள். தொடை இரண்டும் மரத்துப்போய், பிறகு தன்னுடையதாகவே இல்லாமல் போய், கண்ணீரோ வேர்வையோ மூக்கு நுனியில் வந்து தொங்க, துடைக்கக் கையில்லாமல் நின்றாள். பிறகு இடது கால் அவளைக் கேட்காமல் இறங்கியது.

அடுப்படி. அரிசி டப்பா, தண்ணீர்க் குடம். ஆலங்கரை ஒன்பது கிலோமீட்டர் தூரம். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, கணுக்காலில் ஒட்டியிருந்த எண்ணெயை ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, அம்மாவுக்காக அழாத அழுகையை அழுதாள். வாசலில் இரண்டு பேர் சாவிக்காகக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

சைக்கிள் அன்று சாயங்காலம் நான்கு மணிக்கு வந்தது. ரஹ்மத் அதை வாய்க்கால் வரைக்கும் உருட்டி வந்தாளாம்; பாலம் கட்டுகிறவர்கள் தூக்கி இக்கரைக்குக் கொண்டுவந்தார்களாம்; ஒரு வைக்கோல் வண்டியில் ரயில்வே கேட் வரைக்கும் வந்ததாம்; கேட்கீப்பர் இது யாருடையது என்று கேட்காமலே மீன்காரப் பெண்ணிடம் ஒப்படைத்தாராம். காலிக் கூடையை ஹேண்டில்பாரில் மாட்டி உருட்டிக்கொண்டு வந்த அந்தப் பெண், உலகம்மாள் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்று, கைக்குக் கை மாறி வந்த செய்தியையும் சொன்னாள்.

"நீங்க மறைஞ்ச பொறவு அந்தம்மா வாயத் தொறந்து 'போயிட்டா'ன்னு சொல்லிச்சாம். சத்தமா. வீட்டுல எல்லாரும் கேட்டாவளாம். வேற ஒண்ணும் சொல்லலியாம், அத மட்டும்தான் ரெண்டு மூணு தடவ சொல்லிச்சாம்."

உலகம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர்வாசலில் வள்ளிமயில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். உலகம்மாள் உள்ளே போய், தேக்குப் பலகையை ஆணிகளும் சாவிகளுமாகச் சுவரிலிருந்து கழற்றி, தெருவைத் தாண்டி வந்துவிட்ட வள்ளிமயிலிடம் கேட்டுக்கு மேலாக நீட்டினாள். வள்ளிமயில் உடனே வாங்கவில்லை. கை இரண்டையும் சேலையில் துடைத்தாள், தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள், வேறு யாரும் வரவில்லை என்று தெரிந்த பிறகு வாங்கிக்கொண்டாள். அதன் கனம் அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது.

கோமதிநாயகம் மில்லிலிருந்து வந்து, சுவரில் பலகை இருந்த இடத்து வெள்ளையைப் பார்த்தார்.

"நாளைக்குமா?" என்றார்.

"நாளைக்கும்."

மறுநாள் காலையில் அவள் எழுவதற்கு முன்பே அவர் எழுந்து காப்பி போட்டிருந்தார், சர்க்கரை அதிகம். அவள் குடித்துவிட்டு முழங்கைக் கட்டை இறுக்கிக்கொண்டு ஏறி நின்றாள். அவர் போய்க் கேட்டைத் திறந்துவிட்டு, திறந்த கேட்டைப் பிடித்தபடியே நின்றார். மூன்று வருஷமாக அவளிடம் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"எப்ப வருவ?"

முன்சக்கரம் தெருவுக்குள் போய்விட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"காலு ஊனுனா வந்துருவேன்."